24 வயதிலும் இறுகாத சாந்து: இடுப்பு எலும்புச் சரிவும் தைராய்டும் குறித்து வட ஆற்காட்டு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், வட்ட மருத்துவமனை மருத்துவர்கள், எக்ஸ்ரே நுட்புநர்கள், இயன்முறை மருத்துவர்கள், மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

ஓ.பி. சீட்டில் "முட்டி வலி" என்று எழுதியிருக்கும். வயது 24. மூன்று மாத வலி, நடையில் லேசான சாய்வு. முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, "நார்மல்" என்று எழுதியும் ஆகிவிட்டது. வலி மாத்திரையும் கால்சியமும் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருப்போம். அந்தப் படத்தை உறையிலிருந்து மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பிலும் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை ஓடுகிறதா? 12 வயதுப் பிள்ளையின் படத்தில் அது இருக்க வேண்டியதுதான். 24 வயதுக்காரரிடம் அதற்கு வேலையே இல்லை. முட்டியில் கோளாறு எதுவும் இல்லை, சரிதான். எலும்பின் வயதும் சீட்டிலுள்ள வயதும் ஒத்துப்போகவில்லையே, அதை யார் கேட்பது?

படத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் வயதைப் படித்துவிட்டு அப்புறம் எலும்பைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்தக் கறுப்புப் பட்டை, அதாவது எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு, மூடாத பெரியவருக்கு இடுப்பிலோ தொடையிலோ முட்டியிலோ வலி என்றால், நிரூபணம் ஆகும்வரை அதை இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை சரியும் நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவரை அன்றே நடக்கவிடாமல் நிறுத்தி, அன்றே தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் எடுங்கள். அரிதான நோய்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் தவறவிட்டால் போவது இளவயதுக்காரரின் இடுப்பு மூட்டு.

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல உருண்டு, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பந்துக்கும் அதன் கீழேயுள்ள கழுத்துக்கும் நடுவில் வளரும் வயதில் குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்த சாந்து மாதிரி. ஏறக்குறைய பெண்களுக்கு 14 முதல் 16, ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள் அந்தச் சாந்து இறுகி எலும்பாகிவிடும். இறுகாத சாந்தின்மேல் பாரம் ஏற்றினால் கல் நழுவும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். இங்கே நழுவுவது கழுத்து. பந்து கிண்ணத்திலேயே இருக்க, கழுத்து முன்னும் மேலுமாக நகர்ந்து வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறது. படத்தில் பார்ப்பவருக்குப் பந்து பின்னாலும் கீழேயும் வழுக்கிவிட்டது போலத் தெரியும். கழுத்து திரும்பினால் கூடவே பாதமும் வெளியே திரும்பும். "காலை அகட்டி வைத்து நடக்கிறான்" என்று வீட்டார் சொல்வது இதைத்தான்.

வலி ஏன் முட்டியில்? இடுப்பு மூட்டுக்குக் கிளை விடும் நரம்பே முட்டியின் உட்பக்கத்துக்கும் போகிறது. இடுப்பு அழுதால் முட்டிக்குக் கேட்கும். முட்டியை அமுக்கினால் வலிக்காது, மடக்கி நீட்டினாலும் வலிக்காது, ஆனால் நோயாளி முட்டியையே காட்டுவார். கவட்டில் வலி என்று சொல்லக் கூச்சப்படும் பெண்கள் அதிகம் என்பதால், "தொடை இடுக்கிலும் வலிக்குதாம்மா?" என்று நாமே கேட்டுவிட வேண்டும்.

வழக்கமாக இது பள்ளிப் பிள்ளைகளின் நோய், அதுவும் எடை கூடிய பிள்ளைகளுக்கு. 10 வயதுக்குக் கீழோ 16 வயதுக்கு மேலோ வந்தால் பின்னால் வேறு காரணம் ஒளிந்திருக்கிறது என்று கொள்வது வழக்கம். 20ஐத் தாண்டியவருக்கு வந்தால் காரணம் தேடாமல் விடவே கூடாது. முதலில் தேட வேண்டியது தைராய்டு குறைவை. சுரப்பிக் கோளாறோடு இந்தச் சரிவும் வந்த 85 பேரின் விவரங்களை அமெரிக்க எலும்பு மருத்துவர் லோடரின் குழுவினர் 1995ல் தொகுத்தார்கள். அதில் 40 சதவீதம் பேருக்கு இருந்தது தைராய்டு குறைவுதான். 61 சதவீதம் பேருக்கு இரண்டு இடுப்பும் சரிந்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தைராய்டுக்கும் இடுப்புக்கும் என்ன உறவு? தட்டிலுள்ள குருத்தெலும்புச் செல்கள் வரிசை கட்டிப் பெருகி, பருத்து, முதிர்ந்து, ரத்தக் குழாய் உள்ளே நுழைந்த பிறகு எலும்பாக மாற வேண்டும். அந்த முதிர்ச்சிக்கு உத்தரவு கொடுப்பவற்றில் தைராய்டு சுரப்பு முக்கியமானது. அது குறைந்தால் செல் வரிசை குலைந்து, தட்டு மூடாமல், அகலமாகவும் பலவீனமாகவும் அப்படியே நின்றுவிடும். ஆள் மட்டும் வயதில் பெரியவராகிறார். தைராய்டு குறைவில் எடையும் கூடும். குடியாத்தத்தில் பீடித் தட்டோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்தாலும் சரி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றாலும் சரி, பெரியவரின் பாரம் முழுவதும் குழந்தையின் தட்டில் இறங்குகிறது.

அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பது 2006லிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே அயோடின் குறைவால் வரும் கழலை கழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். இப்போது பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியை அழிக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே சுரப்பி இருக்காது, அல்லது இடம் மாறி இருக்கும். கழுத்து வழவழப்பாக இருந்தும் சுரப்பு அடியோடு வற்றியிருக்கலாம்.

இனி, நோயாளியை எப்படிப் பார்ப்பது என்று.

முதலில் அவர் நடந்து வந்தாரா, தூக்கி வந்தார்களா? கைத்தாங்கலோடாவது ஊன்றி நடந்தால் சரிவு இன்னும் நிலையாக இருக்கிறது. அக்குள் கட்டை கொடுத்தும் ஓர் அடி வைக்க முடியவில்லை என்றால் அது நிலையற்ற சரிவு. இந்தப் பிரிவினை வெறும் பெயருக்கானது அல்ல. லோடர் குழுவினரின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில், நிலையற்றதாக இருந்த 30 இடுப்புகளில் 14, அதாவது 47 சதவீதம், பின்னர் ரத்த ஓட்டம் நின்று பந்து செத்துப்போனது. நிலையாக இருந்த 25ல் ஒன்றுகூட அப்படி ஆகவில்லை. நிலையாக இருப்பதை நிலையற்றதாக்க ஒரு தடுக்கல் போதும். பஸ் படியில், வழுக்கும் குளியலறையில், அல்லது நம் பரிசோதனை மேசையிலேயே.

நடக்க முடியாதவரின் காலை அசைத்துப் பார்க்காதீர்கள், நேரே படம் எடுங்கள். நடக்க முடிந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி மெதுவாக மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். நல்ல இடுப்பென்றால் முட்டி நேரே மார்புக்கு வரும். சரிந்த இடுப்பில் முட்டி தானாக வெளியே விலகி, அதே பக்கத்து அக்குளை நோக்கிப் போகும். தடுத்து நேராக்கப் பார்த்தால் வலிக்கும். இந்த ஓர் அசைவே பாதி நோயறிதல். நோயாளியைக் கேட்டால் இன்னும் எளிதாகச் சொல்வார்: குந்தி உட்காரும்போது ஒரு முட்டி மட்டும் பக்கவாட்டில் ஓடுகிறது, வாசலில் கோலம் போடக் குனிந்து உட்கார முடியவில்லை, தொழுகையில் மண்டியிட்டு உட்காரும்போது ஒரு பக்கம் இழுக்கிறது. அடுத்து, தொடையை உட்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். சரிந்த பக்கத்தில் அந்தத் திருப்பம் குறைந்திருக்கும் அல்லது சுத்தமாக இருக்காது. இங்கே ஒரு பொறி உண்டு. இரண்டு பக்கமும் சரிந்திருந்தால் இரண்டும் ஒரே அளவில் குறைந்திருக்கும். "இரு பக்கமும் ஒரே மாதிரிதான், பரவாயில்லை" என்று எழுதிவிடுவோம்.

தைராய்டுக்கான தடயங்களை அதே மேசையிலேயே சேகரிக்கலாம். உயரத்தை அளந்து எழுதுங்கள். "குடும்பமே குள்ளம்" என்று வீட்டார் சொன்னால் அண்ணன் தம்பி உயரத்தையும் கேளுங்கள். உப்பிய முகம், கரகரத்த குரல், செதில் விட்ட வறண்ட தோல், மலச்சிக்கல், சித்திரை வெயிலிலும் போர்வை தேடும் குளிர், நாடி நிமிடத்துக்கு 50 சொச்சம். மாதவிலக்கு தாமதமாகத் தொடங்கியிருக்கும், அல்லது வந்தால் நிற்காமல் போகும். ஆண்களுக்கு மீசை தாமதிக்கும். குதிகால் தசைநாணைச் சுத்தியால் தட்டினால் பாதம் துள்ளும், ஆனால் திரும்பி வருவது சோம்பேறித்தனமாக இருக்கும். பழைய ரிப்போர்ட்களையும் புரட்டிப் பாருங்கள். 22 வயதில் கொலஸ்ட்ரால் 300, இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் தின்றும் ஏறாத ரத்த சோகை, இவையெல்லாம் வேறு யாரோ எடுத்துவைத்த தைராய்டு தடயங்கள்.

எக்ஸ்ரே அறைக்குச் சில வார்த்தைகள். முட்டியை மட்டும் எடுக்கும் வழக்கத்தை இந்த நோயாளிகளுக்கு விட்டுவிடுங்கள். இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வரும்படி நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று, ஆக இரண்டு வேண்டும். சரிவு முதலில் பின்பக்கமாகப் போவதால் நேர்ப்படத்தில் தெரியாமல் பக்கவாட்டில் மட்டும் தெரியலாம். நேர்ப்படத்தோடு நின்றுவிட்டதால் தவறிய சரிவுகள் நிறைய. நடக்க முடிந்தவருக்கு முட்டிகளை மடக்கி, உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து, தொடைகளைத் தவளை போல விரிக்கும் நிலை போதும். நடக்க முடியாதவருக்கு அந்தத் தவளை நிலை கூடவே கூடாது. விரிக்கும்போதே மிச்சமும் நழுவிவிடும். அவருக்குக் கெட்ட காலை அசைக்காமல், நல்ல காலை மட்டும் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து எடுங்கள். பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக்கொள்வது வழக்கம் போல.

படம் வந்ததும் ஸ்கேலும் பென்சிலும் எடுங்கள். கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு நேர்கோட்டை இழுத்து மேலே நீட்டினால், நல்ல இடுப்பில் அது பந்தின் வெளியோரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு போகும். சரிந்த இடுப்பில் பந்தைத் தொடாமலோ, ஒட்டி உரசியோ போகும். க்ளைன் கோடு என்பது இதுதான். கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பவர்கள் திரையிலேயே கோடு போடலாம், அதற்கான வசதி பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது. கூடவே தட்டு அகன்று ஓரம் கலங்கியிருக்கிறதா, பந்தின் உயரம் குறைந்தது போலிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரியவரின் படத்தில் குழப்பம் வரக்கூடிய இடங்கள் இரண்டு. மூடிய தட்டின் தழும்பு மெல்லிய வெள்ளைக் கோடாகப் பல வருஷம் தெரியும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். திறந்த தட்டு கறுப்புப் பட்டையாகத் தெரியும். வெள்ளையா கறுப்பா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உள்ள தனி எலும்புக் கீற்று 20ஐத் தாண்டியும் ஒட்டாமல் இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சந்தேகம் தீர இடது கை மணிக்கட்டுக்கு ஒரு படம் எடுங்கள். அங்கேயும் தட்டு திறந்திருந்தால் எலும்பின் வயது பின்தங்கியிருப்பது உறுதி. கைவசம் முட்டிப் படம் இருந்தால் அதுவே போதும், புதிதாகக் கதிர் வேண்டாம்.

நம் பக்கத்தில் இடுப்பு வலி, எடை குறைவு, நொண்டல் என்றாலே காசநோய் என்று மனம் போகும். போவதில் தப்பில்லை. ஆனால் இடுப்புக் காசநோயில் மூட்டு இடைவெளி குறுகி, சுற்றியுள்ள எலும்பு வெளிறி அரிக்கும். சரிவில் இடைவெளி நன்றாகவே இருக்கும், கோணம்தான் மாறியிருக்கும். படத்தில் கோணம் மாறியவருக்குக் காசநோய் மாத்திரையைத் தொடங்கி மாதக்கணக்கில் காத்திருப்பது, அவரை அத்தனை மாதமும் நடக்கவிட்டது என்றே ஆகும்.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் சுரப்பு) மட்டும் கேட்காதீர்கள், ஃப்ரீ டி4ஐயும் (ரத்தத்தில் கட்டுப்படாமல் உள்ள தைராய்டு சுரப்பு) சேர்த்துக் கேளுங்கள். சுரப்பியே கெட்டிருந்தால் டிஎஸ்எச் எகிறும். இப்படி வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களுக்கு 100ஐத் தாண்டுவது சகஜம். ஆனால் கோளாறு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்தால் டி4 தரைமட்டத்தில் கிடக்க, டிஎஸ்எச் நார்மல் என்று வரும். டிஎஸ்எச் ஒன்றை மட்டும் பார்த்தவர் "தைராய்டு இல்லை" என்று எழுதி மூடிவிடுவார். அந்த வகைக்காரருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்ரினல் சுரப்பான கார்டிசோலைக் காலை 8 மணிக்குப் பார்க்காமல் தைராக்சின் (தைராய்டு சுரப்பு மாத்திரை) கொடுத்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் அட்ரினல் சுரப்பு சமாளிக்க முடியாமல் ஆள் சரிந்துவிடலாம். கார்டிசோல் குறைவென்றால் முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகுதான் தைராக்சின். கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நாள்பட்ட சிறுநீரகக் கோளாறும் இதே மாதிரி தட்டைக் கெடுக்கும். தலைக்கு எம்ஆர்ஐ எடுத்து பிட்யூட்டரி வீங்கியிருப்பதாக வந்தாலும் கட்டி என்று உடனே கத்தியை எடுக்க வேண்டாம். நாள்பட்ட தைராய்டு குறைவில் பிட்யூட்டரி உழைத்து உழைத்தே பருத்துவிடும், மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

சரிவு என்று சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து நோயாளி நடக்கக்கூடாது. "மெல்ல நடந்து பஸ் பிடித்துப் போய்விடுங்கள்" என்று பரிந்துரைச் சீட்டு கொடுப்பதும் சரிவைத் தள்ளிவிடுவதும் ஒன்றுதான். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், 108. கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், தொடைக்கு இரு பக்கமும் தலையணை அணை கொடுத்துப் படுக்கவையுங்கள். பாதம் வெளியே திரும்பியிருந்தால் திரும்பியபடியே இருக்கட்டும், நேராக்க வேண்டாம், எடை கட்டி இழுக்கவும் வேண்டாம். பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர் மலைப்பக்கக் குக்கிராமங்களில் வண்டி வராத இடத்திலிருந்து டோலி கட்டித் தூக்கிவர நேர்ந்தால், துணித் தூளி வேண்டாம். அதில் இடுப்பு மடங்கும். கயிற்றுக் கட்டிலோ பலகையோ நல்லது.

இயன்முறை மருத்துவர்களுக்கு: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறீர்கள். இந்த நோயாளியை மற்ற யாரையும்விட முதலில் பார்க்கப்போவது நீங்களாகவே இருக்கலாம். இளவயதுக்காரருக்கு இடுப்பின் உட்திருப்பம் இல்லை என்றால் அதை நீட்டிப் பயிற்சி கொடுத்து மீட்கப் பார்க்காதீர்கள். அங்கே தடுப்பது இறுகிய தசை அல்ல, இடம் மாறிய எலும்பு. பயிற்சியை நிறுத்தி, படம் இல்லையென்றால் படத்துக்கு அனுப்புங்கள்.

புத்தூர் கட்டு பற்றிப் பேசாமல் இந்த மாவட்டங்களில் எலும்பைப் பற்றி எழுத முடியாது. கையொடிந்தால் மக்கள் எங்கே போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அந்த வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. கட்டுப் போடுபவர்களிடமும் சுளுக்கு எடுப்பவர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: விழாமல் அடிபடாமல் தானாக வந்த இடுப்பு நொண்டலை நீவாதீர்கள், இழுக்காதீர்கள். அந்தத் தட்டைத் தாண்டி பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தின் மேலே ஒட்டியபடி ஓடுகின்றன. ஓர் இழுப்பில் அவை கிழிந்தால், இரண்டு வருஷத்துக்குள் பந்து நசுங்கி, 25 வயதில் செயற்கை மூட்டுக்கு நிற்க வேண்டி வரும். கிராம சுகாதார செவிலியர்கள் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்றே நம்புகிறோம். அதட்டினால் கேட்க மாட்டார்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவண்ணாமலைக்கோ, சிஎம்சிக்கோ அனுப்பிய பிறகு என்ன நடக்கும் என்பதும் அனுப்புகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டார் முதலில் கேட்பது அவரிடம்தான்.

சரிந்ததை இழுத்துப் பழைய இடத்தில் வைப்பதில்லை. லேசான, நடுத்தரச் சரிவை இருக்கும் இடத்திலேயே ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவிடுவார்கள். அறுவை மேசையிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியைப் பார்த்தபடி, உள்ளே துளையுள்ள 6.5 அல்லது 7 மி.மீ. ஸ்க்ரூ ஒன்று, பந்தின் நடுமையத்தில், தட்டுக்குச் செங்குத்தாக. பந்து பின்னால் போயிருப்பதால் நுழையும் இடம் கழுத்தின் முன்பக்கமாக வரும். பழக்கதோஷத்தில் தொடையின் வெளிப்பக்கம் கீழே துளை போட்டால் ஸ்க்ரூ மையத்தில் உட்காராது, அந்தத் துளையிலேயே பின்னால் எலும்பு முறியவும் கூடும். தட்டைத் தாண்டிக் குறைந்தது ஐந்து மரை பந்துக்குள் இருக்க வேண்டும். முனைக்கும் மூட்டுப் பரப்புக்கும் நடுவே 5 மி.மீ.யாவது விட வேண்டும். முனை வெளியே எட்டிப்பார்த்தால் குருத்தெலும்பு அரிபட்டு மூட்டே இறுகிப்போகும். ஒரு கோணத்தில் உள்ளே இருப்பது போலத் தெரிவது இன்னொரு கோணத்தில் வெளியே நிற்கும். அதனால் காலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துத்தான் மேசையிலிருந்து இறக்க வேண்டும். கோணம் 50 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் எலும்பை வெட்டித் திருத்தும் பெரிய அறுவை தேவைப்படலாம். அதைப் பழகிய கைகளிடம் விடுவதே நல்லது.

61 சதவீதம் என்ற எண்ணுக்கு இப்போது வருவோம். தைராய்டு குறைவால் சரிந்தவருக்கு, சரியாத பக்கத்துக்கும் அதே மேசையில் முன்கூட்டியே ஸ்க்ரூ போடுவது பரவலாக ஏற்கப்பட்ட முறை. "நல்ல காலை எதுக்கு சார் ஓட்டை போடறீங்க?" என்று வீட்டார் சண்டைக்கு வருவார்கள், நியாயமான கேள்விதான். அந்தக் காலிலும் அதே ஈரச் சாந்துதான் இருக்கிறது என்று படத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

மயக்க மருந்துக்கு முன் தைராய்டு நிலை தெரிந்தே ஆக வேண்டும். கடுமையான குறைவுள்ளவர் மயக்கத்திலிருந்து எழத் தாமதிக்கலாம், உடல் சில்லிட்டுப்போகலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், தூக்க மருந்தின் சின்ன அளவுக்கே மூச்சு தணியலாம். நாக்கு தடித்திருந்தால் மூச்சுக்கான குழாய் இறக்குவதும் சிரமம். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையான சரிவென்றால் படுக்கையில் வைத்து மாத்திரை தொடங்கி, உடம்பைக் கொஞ்சம் தேற்றிய பிறகு அறுவைக்கு எடுக்க அவகாசம் உண்டு. நிலையற்றதென்றால் அந்த அவகாசம் இல்லை, எலும்பு, மயக்கவியல், சுரப்பி மருத்துவர்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

தைராக்சின் முழு அளவு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிலோ ஆளுக்கு 75 முதல் 88க்குள் வரும். வருஷக்கணக்கில் குறைவாகவே இருந்தவருக்கும், இதயக் கோளாறு உள்ளவருக்கும் 25 அல்லது 50ல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது வழக்கம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபிகூடக் கிடையாது. இந்த நோயாளிகள் கையில் ஏற்கெனவே கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் இருக்கும். மூன்றையும் ஒரே வாயில் போட்டால் தைராக்சின் உறிஞ்சப்படாமல் போகும். 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராக்சின் காலை, இரும்பும் கால்சியமும் மதியத்துக்கு மேல் என்று சீட்டிலேயே பிரித்து எழுதிவிடுங்கள். டிஎஸ்எச்சை 6 முதல் 8 வாரத்தில் திரும்பப் பார்த்து அளவை மாற்றுங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். தூங்கிக்கிடந்த தட்டு விழித்துக்கொள்ளும். 24 வயதில் ஆள் உயரமாவார், முகவீக்கம் வடியும், சுறுசுறுப்பு வரும், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வேகமாக வளரும் தட்டு, மூடுவதற்கு முன்னால், இன்னும் நழுவக்கூடியது. இடுப்பில் ஸ்க்ரூ போடாமல் தைராய்டு மாத்திரை மட்டும் தொடங்கிய பெரியவருக்கு, "கவட்டிலோ முட்டியிலோ புதிதாக வலி வந்தால் அன்றே நடையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை என்றால் பாதி மருந்துதான் கொடுத்தோம். அறுவை செய்தவர் ஏறக்குறைய 6 வாரம் அக்குள் கட்டையோடு, காலில் பாரம் குறைத்து நடப்பார். தட்டு மூடியதைப் படத்தில் பார்க்கும்வரை ஸ்க்ரூவை எடுக்கக்கூடாது. பெரும்பாலும் எடுக்கவே தேவையில்லை.

அலுவலர்களுக்கு மூன்று வேண்டுகோள். டிஎஸ்எச் பார்க்கும் ஆய்வகங்களில், மருத்துவர் கேட்டால் ஃப்ரீ டி4ஐயும் அதே ரத்தத்தில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். நோயாளி இரண்டாவது முறை நடந்து வர வேண்டியிருக்கக்கூடாது. அடுத்து, மாற்றுத்திறனாளிகள் முகாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைந்த உயரமுள்ள பெரியவர் குள்ளத்தன்மைப் பிரிவில் வருகிறார். அப்படி ஒருவர் நொண்டிக்கொண்டும் வந்தால், சான்றிதழோடு டிஎஸ்எச், ஃப்ரீ டி4, இரண்டு இடுப்புப் படம் ஆகியவற்றுக்கும் அன்றே எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய உரிமை அவருக்கு, அதில் ஒரு நாளும் தாமதம் வேண்டாம். ஆனால் குணப்படுத்தக்கூடிய ஒன்றுக்கு ஆயுளுக்குமான மாற்றுத்திறன் சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்புவது சரியில்லை. பள்ளிப் பரிசோதனைத் திட்டம் 18 வயதோடு கைவிட்டுவிடுவதால், அதற்கப்புறம் இவர்கள் வந்து நிற்கும் மருத்துவ வரிசை பெரும்பாலும் இந்த முகாம்தான்.

மூன்றாவது, எக்ஸ்ரே அறைச் சுவரிலும் ஓ.பி. மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைக்க ஒரு தாள். வாசகத்தை இங்கேயே தருகிறோம், அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்:

"வயது 20க்கு மேல். எலும்பில் கறுப்புத் தட்டு தெரிகிறது. இடுப்பு, தொடை அல்லது முட்டி வலி. நடக்கவிடாதே. இரண்டு இடுப்பும் ஒரே படத்தில், பக்கவாட்டுப் படமும் சேர்த்து. நடக்க முடியாதவருக்குத் தவளை நிலை கூடாது. டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4ம் இன்றே. படுக்கவைத்து 108ல் அனுப்பு. சீட்டில் எழுது: தொடை எலும்புத் தலை சரிவு சந்தேகம், தைராய்டு முடிவு வர வேண்டும், நடக்க முடிகிறது அல்லது முடியவில்லை."

இப்படிக்கு,
வேலூர் வட்டாரத்தில் எலும்பு, சுரப்பி, கதிர்ப்படம், இயன்முறைப் பிரிவுகளில் பணிபுரியும் சிலர்